அமெரிக்கத் தெற்கில் கிராமத்து நிலம் வாங்கி, விளைத்து, சமைத்து வாழ விரும்புவோருக்கு: எதை முதலில் செய்வது?

ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கு மலையடிவாரத்தில் பன்னிரண்டு ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறிய பிறகு, முதல் இரண்டு ஆண்டுகளில் நாங்கள் செய்த பிழைகளில் பெரும்பாலானவை வரிசை தெரியாததால் வந்தவை. கோழி வந்த பிறகு கூடு கட்டினோம். விதைத்த பிறகு மண்ணைப் பரிசோதித்தோம். நிலத்தை எழுதி வாங்கிய பிறகுதான் கழிவுநீர் அனுமதி பற்றிக் கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் பணத்தையும் ஒரு பருவத்தையும் இழந்தோம். அட்லாண்டாவின் புறநகர்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில இப்போது இதே எண்ணத்துடன் எங்களிடம் விசாரிப்பதால், செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். விதிகள் ஜார்ஜியாவுக்கு உரியவை. அலபாமா, டென்னசி, கரோலினா மாநிலங்களில் மண்ணும் சமையலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், வரியும் அனுமதியும் வேறுபடும்.

1. முதலில் அடுப்படி, அதன் பிறகே நிலம்

வாடகை வீட்டில் இருக்கும்போதே மூன்று மாதம் இந்தப் பகுதியின் அன்றாடச் சமையலைச் செய்து பழகுங்கள். இங்குள்ள கிராமத்து வீட்டில் வாரம் முழுவதும் சுற்றிச் சுற்றி வருபவை சில பண்டங்களே: ஊறவைத்து வேகவைத்த பின்ட்டோ பயறு, கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டி, காலர்ட் அல்லது டர்னிப் கீரை, தட்டைப்பயறு, வெண்டைக்காய் வறுவல், மஞ்சள் ஸ்குவாஷ் (பூசணியினக் காய்), சர்க்கரைவள்ளி, பச்சை பீன்ஸ், தக்காளி, காலையில் கிரிட்ஸ் அல்லது பிஸ்கட். இங்கே பிஸ்கட் என்பது நாம் தேநீரில் தோய்க்கும் பண்டம் அன்று. மோரும் வெண்ணெயும் சேர்த்துச் சுடும் மெத்தென்ற சிறு ரொட்டி. கிரிட்ஸ் என்பது வெள்ளை மக்காச்சோள ரவைக் கஞ்சி. இந்தப் பட்டியலில் பாதி நமக்குப் பழக்கமானது. இங்கே வயல் பயறு என்று வழங்கும் பிங்க்-ஐ பர்ப்பிள் ஹல், கிரௌடர், கறுப்புக் கண் பயறு எல்லாமே நம் தட்டைப்பயறு, காராமணியின் இனமே.

சமையலை முன்னால் வைப்பதற்குக் காரணம், உங்கள் வீட்டில் எது தீர்கிறதோ அதைத்தான் விதைக்க வேண்டும் என்பது. முதல் ஆண்டில் நாங்கள் இருபது ஸ்குவாஷ் செடி வைத்தோம். நால்வர் உள்ள வீட்டுக்கு மூன்றே போதும். அதே ஆண்டில் வாரம் இரண்டு முறை சமைக்கும் தட்டைப்பயற்றைக் கடையில் வாங்கினோம். ஒரு குறிப்பேட்டில் மூன்று மாதத்துக்கு வாரவாரம் எந்தப் பண்டம் எத்தனை பவுண்டு செலவானது என்று எழுதிவந்தால், எவ்வளவு நிலம் வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும். பெரும்பாலோருக்குக் காய்கறிக்குக் கால் ஏக்கர் போதும். அது தெரியாமல்தான் நாங்கள் பன்னிரண்டு ஏக்கர் வாங்கினோம்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்குள்ள உணவகங்களில் காய்கறித் தட்டு என்று தருவதில் கீரையும் பீன்ஸும் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பிலோ புகையூட்டிய இறைச்சித் துண்டோடோ வெந்தவை. கார்ன்பிரெட் சுட்ட சட்டியிலும் பேக்கன் கொழுப்பு தடவியிருப்பார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கேட்காமல் இருந்தால் தாமாகச் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் அவர்கள் கணக்கில் அது இறைச்சி உணவு அன்று, தாளிப்பு.

2. நிலத்தின் தாள்கள்

ஜார்ஜியாவில் நிலக் கிரயத்தை வழக்கறிஞர் ஒருவர்தான் முடித்துத் தர வேண்டும். அவர் விற்பவருக்கும் வங்கிக்கும் சேர்த்தே வேலை செய்யலாம் என்பதால், கீழ்க்கண்டவற்றை நீங்களே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அண்மையில் அளந்த சர்வே வரைபடம், வில்லங்கம் பார்த்த அறிக்கையும் அதற்கான டைட்டில் (நில உரிமை) காப்பீடும், பொதுச்சாலையிலிருந்து நிலத்துக்குப் பதிவு செய்யப்பட்ட வழியுரிமை, நிலத்தின் மீது முன்பே எழுதப்பட்ட கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள், மரம் வெட்டும் உரிமையும் கனிம உரிமையும் வேறு யாரிடமாவது உள்ளனவா என்ற விவரம், வெள்ள அபாய வரைபடத்தில் நிலத்தின் இடம். கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஐந்து ஏக்கர் மனைகளாகப் பிரித்து விற்ற நிலங்களில் கோழியோ ஆடோ கூடாது என்று எழுதியிருப்பதுண்டு. கிராமம் என்பதால் எல்லாம் வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். நிலப் பரிமாற்ற வரி ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்ற அளவில் சிறியது. ஆனால் வெற்று நிலத்துக்கு வங்கிகள் கேட்கும் முன்பணம் வீட்டுக்கடனைவிடக் கூடுதலாக இருக்கும்.

இனி, நம்மவர்கள் பலர் அறியாதது. நீங்கள் ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருந்து, நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) இன்னும் பெறவில்லையென்றால், கூட்டரசின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி நீங்கள் வேளாண் நிலம் வாங்கும் வெளிநாட்டவர். வாங்கிய 90 நாள்களுக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தை, நிலம் இருக்கும் கவுன்ட்டிக்கு (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) உரிய வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகத்தில் தர வேண்டும். மொத்த நிலம் பத்து ஏக்கருக்கு மேற்படாமலும், அதன் விளைபொருள் வருவாய் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்குள்ளும் இருந்தால் விலக்கு உண்டு. மரங்கள் மண்டிய காடாக இருந்தாலும் வேளாண் நிலமாகவே கருதப்படலாம். தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை போகலாம். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. நிரப்ப ஒரு மணி நேரம் போதும். எங்களுக்கு நிலம் காட்டிய தரகரும் சொல்லவில்லை, கிரயம் முடித்தவரும் சொல்லவில்லை. எண்பதாவது நாளில் வேறொரு வேலைக்காக அந்த அலுவலகத்துக்குப் போனபோது தற்செயலாகத் தெரிந்துகொண்டோம்.

3. கழிவும் நீரும்

கிராமத்தில் நகராட்சிக் கழிவுநீர்க் குழாய் இருக்காது. செப்டிக் டேங்கும் அதிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்கும் வயலும் வேண்டும். இதற்கு அனுமதி தருவது கவுன்ட்டியின் சுற்றுப்புறச் சுகாதாரப் பிரிவு. அனுமதிக்கு முன் உரிமம் பெற்ற மண் வகைப்பாட்டாளர் ஒருவர் குழி தோண்டிப் பார்த்துத் தரும் மண் அறிக்கை தேவை. இந்தப் பகுதியின் செங்களிமண்ணில் சில இடங்கள் நீரை உறிஞ்சா. சில இடங்களில் இரண்டடிக்குக் கீழே பாறை. அப்படிப்பட்ட இடத்தில் அனுமதி கிடைக்காது, அல்லது சாதாரண அமைப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு செலவாகும் சிறப்பு அமைப்பு கேட்பார்கள். ஆகவே நிலம் வாங்கும் ஒப்பந்தத்தில், மண் அறிக்கை சாதகமாக வந்தால் மட்டுமே வாங்குவோம் என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். நாங்கள் எழுதவில்லை. வீடு கட்ட நினைத்த மேட்டைக் கைவிட்டு, சாலையிலிருந்து வெகு தள்ளி வேறிடம் தேட நேர்ந்தது; சரளைப் பாதைக்கும் மின்கம்பங்களுக்கும் ஆன கூடுதல் செலவில் ஒரு டிராக்டர் வாங்கியிருக்கலாம்.

ஆழ்துளைக் கிணறு போட அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். எத்தனை அடியில் தண்ணீர் என்று முன்கூட்டி யாரும் உறுதி தர முடியாது. எங்களுக்கு 340 அடியில் கிடைத்தது. பம்பு, அழுத்தத் தொட்டி, குழாய் எல்லாம் சேர்த்துப் பதின்மூவாயிரம் டாலர் ஆனது. ஒப்பந்தத்தில் மேல் வரம்பு ஆழத்தையும், தண்ணீர் வராவிட்டால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். கிணறு செப்டிக் டேங்கிலிருந்து குறைந்தது 50 அடியும், கழிவுநீர் வயலிலிருந்து 100 அடியும், கால்நடை அல்லது கோழி அடைப்பிலிருந்து 100 அடியும் தள்ளி இருக்க வேண்டும் என்பது மாநில விதி. இந்த மூன்றையும் காகிதத்தில் வட்டமாக வரைந்து பார்த்த பிறகே தோட்டத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் இடம் குறியுங்கள். தண்ணீரை ஆண்டுக்கொருமுறை பாக்டீரியாவுக்குச் சோதிப்பது வழக்கம். கருங்கல் பாறையில் தோண்டிய கிணறு என்றால் யுரேனியத்துக்கும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மாதிரிக் குப்பியைக் கவுன்ட்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் பெறலாம். அவர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

4. ஏப்ரல் 1

இப்படி நிலம் வாங்கி, விளைத்து வாழ்வதை இங்கே ஹோம்ஸ்டெட் என்பார்கள். ஆனால் வரி அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அங்கே அது நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான சொத்துவரிச் சலுகை. பயிர் செய்கிறீர்களா என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. ஜனவரி 1 அன்று வீடு உங்கள் பெயரில் இருந்து, நீங்கள் அதில் வசித்தாக வேண்டும். விண்ணப்பத்தை ஏப்ரல் 1க்குள் தர வேண்டும். ஓட்டுநர் உரிமத்திலும் வாகனப் பதிவிலும் புதிய முகவரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், குடியேற்ற நிலை பற்றியும் கேட்கலாம். ஜனவரி இரண்டாம் வாரத்தில் குடிபோனால் ஓராண்டுச் சலுகை போய்விடும் என்பதால், வீடு முடியும் காலம் டிசம்பரை ஒட்டி வந்தால் விடுமுறையைப் பாராமல் வேலையை முடியுங்கள்.

நிலத்துக்கு இன்னொரு சலுகை உண்டு. பத்தாண்டுகள் வேளாண்மையிலோ காடு வளர்ப்பிலோ வைத்திருப்பதாக ஒப்பந்தம் செய்தால், நிலத்தின் மதிப்பைச் சந்தை விலைக்குப் பதில் அதன் பயன்பாட்டு மதிப்பில் கணக்கிடுவார்கள். பத்து ஏக்கருக்குக் குறைந்தால் கூடுதல் சான்றுகள் கேட்பார்கள். இடையில் ஒப்பந்தத்தை முறித்தால் அதுவரை மிச்சப்படுத்திய வரியின் இரு மடங்கைத் தண்டமாகக் கட்ட நேரும். வேலை மாறி வேறு ஊர் போகும் வாய்ப்புள்ளவர்கள் இதில் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

5. மண்ணும் நாள்காட்டியும்

மண் பரிசோதனையை இலையுதிர் காலத்தில் செய்யுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் வாளியில், தோட்டத்தின் பத்துப் பன்னிரண்டு இடங்களிலிருந்து ஆறங்குல ஆழம் வரை எடுத்த மண்ணைக் கலந்து, வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் தர வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியில் எடுத்தால் முடிவு பிழைபடும். கட்டணம் கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறினாலும் இருவர் மதிய உணவுக்கு ஆகும் செலவைத் தாண்டாது. இங்குள்ள செம்மண் பொதுவாக அமிலத்தன்மை உள்ளது. காய்கறிகளுக்கு பிஎச் 6 முதல் 6.5 வரை வேண்டும். சுண்ணாம்பு இட்டு அது மண்ணில் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்பதால்தான் இலையுதிர் காலம் என்கிறேன். ப்ளூபெரி வைக்கும் இடத்தில் மட்டும் சுண்ணாம்பு போடாதீர்கள். அது அமில மண்ணையே விரும்பும். தெற்குக்குரிய ராபிட்-ஐ வகையில் காய்ப்பு நன்றாக அமைய இரண்டு வெவ்வேறு ரகங்கள் அருகருகே வேண்டும்.

மாட்டெரு பற்றிய எச்சரிக்கையைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் எருவுக்கு மேல் நல்ல உரம் இல்லை என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். இங்கே மேய்ச்சல் நிலங்களில் அகன்ற இலைக் களைகளை அழிக்க அமினோபைராலிட் என்ற மருந்து தெளிப்பதுண்டு. அது புல்லில் தங்கி, மாட்டின் வயிற்றைக் கடந்து, சாணத்திலும் அழியாமல் இருக்கும். அந்த வைக்கோலையோ எருவையோ தோட்டத்தில் இட்டால் தக்காளியும் பீன்ஸும் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு போகும். மண் தெளிய ஆண்டுகள் ஆகலாம். எங்கள் இரண்டாம் ஆண்டுத் தக்காளி முழுவதும் இப்படித்தான் போனது. எரு கொடுத்தவர் நல்ல மனிதர். வைக்கோலை வெளியிலிருந்து வாங்கியதால் அதில் என்ன தெளித்திருந்தார்கள் என்பது அவருக்கே தெரியாது. எருவையும் மண்ணையும் கலந்து மூன்று தொட்டிகளில் பீன்ஸ் விதைத்து, எரு கலவாத மண்ணில் இன்னும் மூன்று தொட்டி வைத்து, மூன்று வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது.

நாள்காட்டிக்கு வருவோம். இந்த அடிவாரத்தில் கடைசி உறைபனி சராசரியாக ஏப்ரல் நடுவில். மலை ஏற ஏற அது மே மாதத் தொடக்கம் வரை பிந்தும். புனித வெள்ளியன்று தோட்டம் போடுவது இங்குள்ளவர்களின் வழக்கம், ஆனால் அந்த நாள் ஆண்டுதோறும் மாறும். அதன் பிறகும் ப்ளாக்பெரி பூக்கும் சமயத்தில் ஒரு குளிர் வரும். அதை ப்ளாக்பெரிக் குளிர் என்றே சொல்வார்கள். தக்காளியை அதற்குப் பிறகு நடுவது நல்லது. வெண்டையும் தட்டைப்பயறும் சர்க்கரைவள்ளிக் கொடியும் மே மாதத்தில், மண் கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றும்போது போடுங்கள். காலர்ட், டர்னிப் கீரைகளை ஆகஸ்ட்டில், வியர்வை வழியும் வெயிலில் விதைக்க வேண்டும்; எங்களுக்கு இது மனத்தில் பதியவே மூன்று ஆண்டுகள் ஆயின. உறைபனி பட்ட பிறகுதான் காலர்ட் கீரையின் கசப்புத் தணிந்து இனிப்பு ஏறும். முதல் உறைபனி அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும்.

ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் விதைப் பொட்டலம் கொண்டுவராதீர்கள்; உரிய தாவரச் சுகாதாரச் சான்றோ அனுமதியோ இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். புடலை, அவரை, கொத்தவரை விதைகள் அமெரிக்காவிலேயே விற்பனைக்கு உண்டு. கறிவேப்பிலை எலுமிச்சையினத்தைத் தாக்கும் பூச்சிக்கு இடம் தரும் என்பதால், அதை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடு இருக்கிறது. உள்ளூரில் வாங்கித் தொட்டியில் வைத்து, அக்டோபரில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். வெளியில் விட்டால் ஒரே இரவில் கருகும்.

வெட்டிய புதரை எரிக்க நினைத்தால், வட ஜார்ஜியாவின் பெரும்பகுதியை உள்ளடக்கிய 54 கவுன்ட்டிகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை திறந்தவெளி எரிப்புக்குத் தடை. புல்லுக்குள் வேலை செய்துவிட்டு வந்தால் அன்றே உடலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி உள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்துச் சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒவ்வாமை வந்துவிடுகிறது. இறைச்சி உண்ட பல மணி நேரம் கழித்துத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வருவது அதன் அடையாளம்.

6. அன்றாடச் சமையலில் தவறக்கூடியவை

கார்ன்பிரெட்டில் தொடங்குவோம். நம் ஊரில் கார்ன் ஃப்ளோர் என்று வாங்குவது மக்காச்சோள மாச்சத்து. அதில் கார்ன்பிரெட் வராது. வேண்டியது கார்ன்மீல் என்ற மக்காச்சோளக் குருணை மாவு. அதிலும் இரண்டு வகை உண்டு: வெறும் கார்ன்மீல், பேக்கிங் பவுடரும் உப்பும் முன்பே கலந்த செல்ஃப்-ரைசிங் கார்ன்மீல். பையில் இந்தச் சொல்லைப் பார்க்காமல் மறுபடியும் பேக்கிங் பவுடர் சேர்த்தால் கசக்கும். வெறும் மாவில் எதுவும் சேர்க்காவிட்டால் பலகைபோல் ஆகும். பிஸ்கட்டுக்கான கோதுமை மாவிலும் இதே சிக்கல் உண்டு. தெற்கத்திய பிஸ்கட்டுக்குப் புரதம் குறைந்த மென்கோதுமை மாவு வேண்டும். வைட் லில்லி மாவை இங்கே எல்லா வீடுகளிலும் காணலாம். சப்பாத்தி மாவில் செய்து பார்த்து ஏமாற வேண்டாம்.

இரண்டு கப் செல்ஃப்-ரைசிங் கார்ன்மீல், ஒரு முட்டை, ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கப் பட்டர்மில்க், கால் கப் எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய். கடையில் விற்கும் பட்டர்மில்க் நம் மோரைப்போல் நீர்த்து இருக்காது. புளித்த தயிரைச் சற்றே தளர்த்தினால் அந்தப் பதம் வரும். பத்தங்குல வார்ப்பிரும்புச் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, 450 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் ஓவனில் பத்து நிமிடம் காய வையுங்கள். மாவை ஊற்றும்போது சுர்ரென்ற ஓசை கேட்க வேண்டும். தோசைக்கல்லில் கேட்கும் அதே ஓசைதான். அது கேட்காவிட்டால் அடிப்பக்கம் மொறுமொறுப்பாக வராது, சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் ஓவனில் வைத்தால் இருபது முதல் இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். சர்க்கரை சேர்ப்பதா கூடாதா என்று இங்குள்ளவர்கள் குடும்பத்துக்குள்ளேயே வாதிடுவார்கள். எங்களுக்குக் கற்றுத்தந்த பக்கத்துப் பண்ணை மூதாட்டி ஒரு சிட்டிகைகூடப் போட மாட்டார், நாங்களும் போடுவதில்லை. டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க்கில் வார்க்கும் லாட்ஜ் சட்டி விலை குறைவு, தலைமுறைக்கும் உழைக்கும். அதில் தக்காளி, புளி சேர்ந்ததை நெடுநேரம் கொதிக்க வைக்காதீர்கள். பழகிய எண்ணெய்ப் பூச்சு போய்விடும்.

பின்ட்டோ பயறு ஒரு பவுண்டு ஊறவைத்து வேகவைத்தால் ஏறத்தாழ ஆறு கப் வரும். நால்வருக்கு இரண்டு வேளை. காலர்ட் கீரையை மூன்று தண்ணீரில் அலசி, நடுநரம்பை உருவி, சுருட்டி நறுக்கி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் சிறு தீயில் வேக விடுங்கள். நம் முளைக்கீரை போல் ஐந்து நிமிடத்தில் இறக்கினால் மெல்ல முடியாது. இறைச்சி சேர்க்காதவர்கள் வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், புகையூட்டிய மிளகாய்த்தூள் சேர்த்து, இறக்கும்போது வினிகர் விட்டால் சுவை நிறைவாக இருக்கும். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பாட்லிக்கர் என்று பெயரிட்டு, கார்ன்பிரெட்டை அதில் தோய்த்து உண்பார்கள். புத்தாண்டன்று கறுப்புக் கண் பயறும் காலர்ட் கீரையும் ஆக்குவது இங்கே கட்டாயம்போல. பயறு காசுக்கும் கீரை நோட்டுக்கும் அடையாளமாம்.

சர்க்கரைவள்ளியைத் தோண்டிய அன்றே சமைத்துவிட்டு, இனிப்பில்லை என்று வருந்தினோம். 85 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில், ஈரக்காற்றில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அதன் பிறகு 55 முதல் 60 டிகிரி உள்ள இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் நடுவில் கட்டிதட்டிக் கெடும்.

7. ஜாடியில் அடைத்து வைத்தல்

இந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் படிப்பவர் தயவுசெய்து ஜாடி பக்கம் போக வேண்டாம். தவறினால் உயிருக்கு ஆபத்து.

பிஎச் 4.6க்கு மேல் உள்ள உணவு, அதாவது பீன்ஸ், பயறு, கீரை, மக்காச்சோளம், வெண்டை, இறைச்சி ஆகியவற்றைக் காற்றுப் புகாத ஜாடியில் அடைத்தால், பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் உயிர்பெறலாம். கொதிநீர் அந்த வித்துகளை அழிக்காது. அதைவிட அதிக வெப்பம் தரும் பிரஷர் கேனர் வேண்டும். நம் வீட்டு பிரஷர் குக்கர் கேனர் ஆகாது. அது சிறியது, விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். சோதித்து வகுத்த நேரங்கள், கேனர் மெல்லச் சூடேறும்போதும் ஆறும்போதும் ஜாடிக்குக் கிடைக்கும் வெப்பத்தையும் எதிர்பார்த்து வகுக்கப்பட்டவை. விசிலை எண்ணி இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒரு குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) கொள்ளும் ஜாடிகள் குறைந்தது நான்காவது நின்றபடி கொள்ளும் பாத்திரமே கேனர் எனப்படும். வேலை முடிந்ததும் குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஆற்றும் நம் பழக்கமும் இங்கே கூடாது. தானாக அழுத்தம் இறங்க வேண்டும்.

பச்சை பீன்ஸை எடுத்துக்கொண்டால், ஏழு குவார்ட் ஜாடிக்குப் பதினான்கு பவுண்டு தேவை. ஜாடியின் மேல் ஓரங்குலம் வெற்றிடம் விட்டு, கேனரில் நீராவியைப் பத்து நிமிடம் வெளியேற விட்டு, பிறகு மூடியில் அழுத்த எடையை வைத்து, அழுத்தம் எட்டியதும் எண்ணத் தொடங்கி, பைன்ட் (அரைக் குவார்ட்) ஜாடிக்கு 20 நிமிடம், குவார்ட்டுக்கு 25 நிமிடம். எடை வகைக் கேனரில் கடல்மட்டத்திலிருந்து 1,000 அடி வரை 10 பவுண்டு அழுத்தம். அதற்கு மேல் 15 பவுண்டு. இதுவே வட ஜார்ஜியாவில் எல்லோரும் தவறும் இடம். அட்லாண்டாவின் பல பகுதிகளே ஆயிரம் அடியைத் தாண்டியவை. மலையடிவார ஊரான டலோனிகா சுமார் 1,450 அடி. பழைய வீட்டுக் குறிப்புகளிலும், கடலோர ஊர் உறவினர் சொல்வதிலும் பத்துப் பவுண்டு என்றே இருக்கும். உங்கள் வீட்டின் உயரத்தை ஒரு தாளில் எழுதிக் கேனர் மூடியில் ஒட்டிவையுங்கள். முள்காட்டி வகைக் கேனர் என்றால் முள் சரியாகக் காட்டுகிறதா என்று ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் பலவற்றில் இதைச் செய்து தருகிறார்கள்.

தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கும் காய். குவார்ட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி புட்டியில் விற்கும் எலுமிச்சைச் சாறு, அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கட்டாயம். புதுப்பழத்தைப் பிழிந்தால் அமில அளவு பழத்துக்குப் பழம் மாறும். அதனால்தான் புட்டிச் சாறு. சேர்த்த பிறகு, மசித்த தக்காளி அடைத்த ஜாடியைக் கொதிநீரில் வைத்தே பதப்படுத்தலாம். ஆயிரம் அடிக்கு மேலுள்ள எங்கள் உயரத்தில் குவார்ட்டுக்கு 50 நிமிடம். சாம்பார், கூட்டு, எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் இவற்றுக்குச் சோதித்த முறை இல்லை. ஜாடியில் அடைக்காமல் உறைபெட்டியில் வையுங்கள். வெண்டையை 3 நிமிடமும் தட்டைப்பயற்றை 2 நிமிடமும் கொதிநீரில் இட்டு, உடனே பனிநீரில் ஆற்றி உறையவிட்டால் பிப்ரவரியிலும் பச்சையாக இருக்கும்.

செய்முறைக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தல் தேசிய மையம் வெளியிடும் அட்டவணைகளை மட்டும் நம்புங்கள், இலவசம். ஜாடியும் திருகு வளையமும் பல ஆண்டு வரும், தட்டை மூடியை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். மூடிகள் ஜூலையில் கடைகளில் தீர்ந்துபோகும், ஜனவரியில் வாங்கி வையுங்கள்.

8. கோழி

பிப்ரவரி கடைசி முதல் தீவனக் கடைகளில் குஞ்சுகள் வரும். ஒன்று சில டாலர்தான், அதனால்தான் பலர் கூடு இல்லாமலே வாங்கி வந்துவிடுகிறார்கள். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்து வர வேண்டும். முட்டைக்கு ஐந்து மாதம் காத்திருக்க நேரும். கூட்டுக்குள் கோழிக்கு நான்கு சதுர அடியும், வெளி அடைப்பில் பத்துச் சதுர அடியும் கணக்கிடுங்கள். கோழி வலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், ரக்கூன் என்ற இரவு விலங்கை வெளியே வைக்காது. அரையங்குலச் சதுரக் கம்பி வலையையே அடிக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே இரவில் ஒன்பது கோழிகளை இழந்தோம். பருந்து தூக்கிச் சென்றால் அதைச் சுடக்கூடாது. கூட்டரசுச் சட்டம் அதைக் காக்கிறது. அடைப்பின் மேலும் வலை போடுவதே வழி.

முட்டை விற்க ஜார்ஜியாவில் ஒளியில் பார்த்துத் தரம் பிரிக்கும் பயிற்சிச் சான்று வேண்டும். மாநில வேளாண் துறை அந்த வகுப்பை நடத்துகிறது. ஆனால் அதற்கும் முன், ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வேலை தந்த நிறுவனத்துக்கு வெளியே உழைத்து ஈட்டுவது விசா விதிக்கு முரண் என்பதை நினைவில் வையுங்கள். சாலையோர மேசையில் வைத்து விற்கும் ஒரு டஜன் முட்டையும் அதில் சேரும். குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே விற்பனையைத் தொடங்குங்கள். அதுவரை மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுங்கள். அவர்கள் பாத்திரத்தைத் திருப்பும்போது பெரும்பாலும் வெறுமையாகத் தர மாட்டார்கள். நீங்களும் அப்படியே தாருங்கள். எங்கள் அத்திக் கன்றுகளும், பிங்க்-ஐ பயற்றின் முதல் விதையும் அப்படி வந்தவைதான்.